காலி செய்யும் ஆணை

காலை ஏழு மணிக்குப் பால் காய்ச்சுவேன். ஏழரைக்கு அலுவலக உதவியாளர் கோப்புப் பெட்டியை என் மனைவியின் மேசையில் வைப்பார். வரலாற்றுப் பேராசிரியையாக இருந்து துணைவேந்தரானவள். இறந்து ஐந்து வாரமாகிறது. பெட்டி வருவது நிற்கவில்லை. எட்டரைக்குத் திறந்தால் எல்லாக் கோப்புகளிலும் அவள் கையெழுத்து, அன்றைய தேதியுடன் இருக்கும். அதைப் பார்க்கத்தான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இன்று முதல் கோப்பு, துணைவேந்தர் இல்லத்தை நான் காலி செய்யவேண்டும் என்ற ஆணை. அதிலும் கையெழுத்து இருந்தது.

“மேடம் அவசரத்துல போட்டிருப்பாங்க சார். கிழிச்சுடட்டுமா?” என்றார், பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்த உதவியாளர்.

வேண்டாம் என்றேன். அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நான் நீட்டியபோது, அவள் கடைசியாகச் சொன்னது:

“அவசரப்படுத்தாதப்பா. முழுசா படிக்காம நான் என்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்?”