மூடியில் ஒட்டிய கீரை

“நான் வெச்சது வத்தக்கொழம்பு. மூடியில ஒட்டிகினு கீறது முருங்கக்கீர. இது எப்டி வந்துச்சாம்?”

வேம்புலியம்மாள் மகனுடைய சாப்பாட்டுக் கேரியரின் மூடியைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கோவிந்தன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “பேக்டரில பக்கத்து ஆளு குடுத்திருப்பான். வுடு.”

“தெனமுமா? நேத்து கருவாட்டு வாசன. ஆடி மாசம் புதுப்பொண்ண தாய் ஊட்டுக்கு அனுப்பிட்டா, மாப்ள அந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்கக் கூடாது. அவ அண்ணன் கன்னியப்பன் நம்ம வரதன்கூடத்தானே வேல செய்யறான்? அவன் கையில சோறு குடுத்தனுப்பி எம்புள்ளைய வளைக்கிறாங்க.”

“அப்ப எதுக்குக் காலைல ‘கொழம்பு கொஞ்சம் கூட ஊத்தும்மா’ன்றான்?”

“என் கண்ணக் கட்டத்தான்! நான் ஆக்கினத எந்த நாய்க்குக் கொட்டறானோ?”

அதற்குமேல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருமகள் தாட்சாயிணி இங்கிருந்த நாளெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். குழம்பு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். இருப்பது ஒரே பிள்ளை. ஆடி முடிந்ததும் தனிக்குடித்தனம் என்பான். அப்புறம் இந்த வீட்டில் யாருக்காக உலை வைப்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூரில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நீட்டிய கொய்யாத் துண்டைக்கூட வாங்கவில்லை. யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் உள்ளே ஒரு தூண்டில் இருப்பதாகவே அன்று தோன்றியது. திருமழிசையில் அம்மன் பந்தலைக் கண்டதும் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாயே, எம்புள்ளைய என்கிட்டருந்து பிரிச்சிடாத.”

குத்தம்பாக்கத்தில் சம்பந்தியம்மாள் பார்வதம் அவளைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

“வாங்க சம்மந்தி! கூழு கீது, ஒரு சொம்பு குடிக்கிறீங்களா?”

“கூழு குடிக்க வரல. எம்புள்ளைக்குத் தெனமும் சோறு குடுத்தனுப்பறது யாரு?”

பார்வதம் முந்தானையைத் திருகினாள். “நாங்கதான். தப்பா நெனச்சிக்காதீங்க...”

“வேற எப்டி நெனைக்கிறது? சோத்தக் காட்டி ஊர்ப் புள்ளையப் புடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? எங்க உம்பொண்ணு?”

“உள்ள படுத்துகினு கீறா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“மகாராணிக்கு வெளக்கு வெக்கிற நேரத்துலதான் தூக்கம் வருமோ?”

கொல்லைப்புறம் சைக்கிள் சாய்க்கிற சத்தம் கேட்டது. வாசலில் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமலே கன்னியப்பன் உள்ளறைக்குள் நுழைந்து தூக்குவாளியைத் திறந்தான். “ஏந்திரு தங்கச்சி. வந்துடுச்சி.”

மேலே ஏதோ கேட்க வாயெடுத்த வேம்புலியம்மாள் அப்படியே நின்றாள். அந்த வாசனை! வெந்தயத்தை ஒரு நொடி கூடுதலாகக் கருகவிட்டுத் தாளிக்கிற கை அவளுடையது மட்டும்தான்.

மெல்ல எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் குழிவிழுந்து, துரும்பாய் இளைத்துப்போயிருந்த தாட்சாயிணி, யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்பதுபோல் வாளியை அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

பார்வதம் பின்னாலிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“முழுகாம கீறா சம்மந்தி. ஆடி போவட்டும், நல்ல நாள் பாத்துச் சொல்லலாம்னு இருந்தோம். நான் எத ஆக்கிப் போட்டாலும் வாந்தி. ‘அத்தை வெக்கிற கொழம்புதான் வேணும்’னு ஒரே அழுவ. அதான் மாப்ள தன் சோத்த இவளுக்கு அனுப்பிட்டு, நாங்க குடுக்கறத அந்தக் கேரியர்ல வாங்கித் துன்னுகினு கீறாரு.”