வேலை இல்லை, நாற்பது நிமிடம்

பொறுப்பாளனான நான் உட்பட ஏழு பேரில் ஒருவரை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லி மேலிடம் எழுதியிருந்தது. சுரங்க வேலைக்கு ஆகக் குறைந்த மணித்தியாலம் காட்டியவர் போகவேண்டும். அதற்காகத்தான் எல்லாருடைய நேரத்தாள்களையும் எடுத்தேன்.

வடக்கே அரச காணியில் தோண்டும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் எங்கள் கந்தோரில் ஓர் இலக்கம் உண்டு. எதற்கு எவ்வளவு நேரம் உழைத்தோம் என்று வெள்ளிதோறும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துத்தான் கம்பெனிகளிடம் செலவை அறவிடுவார்கள்.

எங்களில் ஆறு பேர் ஒரே இலக்கத்துக்கு ஏழே கால் மணித்தியாலம் என்று போட்டு, திங்களிலிருந்து வெள்ளிவரை இழுத்துவிடுவோம். அந்தக் கம்பெனி பாவம். பனிப்புயலில் கந்தோர் பூட்டிக் கிடந்த நாளிலும் நான் அவர்களுக்காக ஏழே கால் மணித்தியாலம் உழைத்திருக்கிறேன்.

ஏழாவது ஆள் றெமிஜியசின் தாள்கள் அப்படியில்லை.

நிக்கல் சுரங்கக் கடிதம், முப்பத்தைந்து நிமிடம். கைவிட்ட தங்கச் சுரங்கத்தின் வரைபடம், இரண்டு மணித்தியாலம். பிரிண்டர் பழுது, பதினைந்து நிமிடம்.

வேலை இல்லை, நாற்பது நிமிடம்.

ஒன்பது வருடம். ஒரு வெள்ளி தவறவில்லை. அரச கந்தோரில் இருந்துகொண்டு வேலை இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறான். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்ததில் கொம்பியூட்டர் அவன் பெயரைத்தான் தந்தது. வேறு யாருடையதைத் தரும்?

டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கூப்பிட்டு இருத்தி, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தான். மடித்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான்.

“இருபது நிமிசம் போயிட்டுது, அண்ணை. இதை எந்தச் சுரங்கத்திலை போடுறது?”

பகிடி இல்லை. பேனை கையில் இருந்தது.

இப்படியும் ஒரு மனிதனா என்று நினைத்தபடி இலக்கப் பட்டியலைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த இலக்கம் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை.

“உதை இஞ்சை தா,” என்று கடிதத்தைத் திருப்பி வாங்கினேன்.

அவன் போனதும் என் தாள்களை எடுத்தேன். பனிப்புயல் நாளில் தொடங்கினேன். ஏழே கால் என்றிருந்ததை வெட்டிச் சைபர் போட்டேன். அடுத்த நாளுக்குப் போனேன்.

பின்னேரம் திரும்பக் கூட்டியபோது கொம்பியூட்டர் வேறொரு பெயரைத் தந்தது. கடிதத்தை அந்தப் பெயருக்கு மாற்றி அடித்தேன்.

அதையும் என் தாளில் எழுதினேன். சொந்த வேலை, பத்து நிமிடம்.