போன ஞாயிறு போடாத திருத்தம்
குருநகர் மீன் ஏற்றுமதிக் கந்தோரில் காலையிலிருந்து ஒரு தொலைபேசியும் அடிக்கவில்லை. தொலைபேசிகளை இணைக்கும் கணினியின் கேர்னல் என்ற அடி மென்பொருளில் இருந்த ஓட்டைக்குள்ளால் யாரோ புகுந்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள். படகுகள் கடலுக்குப் போகாத போன ஞாயிறே அதை அடைத்திருக்கவேண்டிய கணினிப் பொறுப்பாளன் றஜிந்தன், பந்தடி பார்க்கப் போய்விட்டான். இப்போதுதான் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் திரையில் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஐஸ் பெட்டிகளிலிருந்து வடியும் தண்ணீர் வாசல்வரை ஓடி வெயிலில் மினுங்குகிறது. “உவள்தான் கண்ட பட்டனையும் அமத்திக் கெடுத்தவள். வேறை ஆளைப் பாக்கவேணும்,” என்று முதலாளி தொலைபேசி மேசைப் பக்கம் கைநீட்டி உறுமுகிறார். அங்கே இருந்து அழைப்பெடுக்கும் லவீனா விரல்களை மடிக்குள் ஒளிக்கிறாள். றஜிந்தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று தொலைபேசி அடிக்கிறது. அவள் சிலுவை அடையாளம் போட்டு, தன் தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளுகிறாள். “என்னைக் காப்பாத்திப்போட்டியள், அண்ணை.”