ஏழே முக்காலுக்குப் போன கேபிள்

கேபிள்காரர் ரஷீத் அஹமதுவின் வீட்டுக் கதவை மதியழகன் தட்டவில்லை, குத்தினான்.

"எங்க தெரு ஒயரை நீயே புடுங்கினியாமே பாய்? ஏணி போட்டு ஏறினத எதிர்வீட்டு கோபி கண்ணால பாத்திருக்கான்."

"ஆமா" என்றார் ரஷீத்.

காற்றில் அறுந்தது, லாரி இழுத்துப் போனது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். மனுஷன் கூசாமல் ஆமா என்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தோல் வெட்டப் போகிற வழியில் பத்து வருஷமாக இவருக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் மதியழகன் போவான். நீங்க என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. இன்றைக்கு வாயில் நீதான் வந்தது.

ஒரு டிவி தொடருக்கா இவ்வளவு கோபம் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டிலா ரோஷினி படுத்திருக்கிறாள்?

அவன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ரத்தத்தில் கோளாறு. அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆறு மாதம் காத்திருந்து வரும் திங்கட்கிழமைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு மாதம் கண்ணாடி அறைக்குள் தனியாக இருக்கவேண்டும். அம்மாகூட வெளியே நின்று போனில்தான் பேசலாம்.

அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, போகவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, வேண்டாத சாமியில்லை.

கடைசியில் அவளை இளக்கியது சனிக்கிழமைதோறும் தமிழ் டப்பிங்கில் வருகிற விண்வெளிக் கப்பல் தொடர். அந்தக் கப்பலில் ஒரு மெக்கானிக். ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கினபோது அங்கிருந்த வைரஸ் அவனைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று கேப்டன் அவனைக் கண்ணாடி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். மூன்று வாரமாக உள்ளே கிடக்கிறான். கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிற கூட்டாளிகளிடம் ஜோக் அடிக்கிறான். மருந்து வேலை செய்ததா இல்லையா என்று இந்த வாரம் தெரிந்துவிடும்.

"அவன் வெளிய வந்துட்டா நானும் உள்ள போறேம்பா" என்றாள் ரோஷினி.

டிவியில் நல்லவனைச் சாகடிப்பானா என்று மதியழகன் தெம்பாகத்தான் இருந்தான். ரஷீதிடமும் இதைச் சொல்லியிருந்தான். இன்றைக்குக் கப்பல் டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். மணி ஏழே முக்கால். டிவி கறுத்துப்போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

தெருவே ரஷீதைத் திட்டியது. புது பாக்ஸைத் தலையில் கட்டுவதற்காகத்தான் மனுஷன் இப்படிப் பண்ணுகிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"திங்கக்கிழமை விட்டா மறுபடி எப்ப கூப்புடுவாங்கன்னே தெரியாது. எல்லாம் தெரிஞ்சும் புடுங்கினியே பாய், நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினான் மதியழகன்.

ரஷீத் உட்காரச் சொன்னார். இவன் உட்காரவில்லை. ஒயர் எப்போது வரும் என்று கேட்டான். திங்கட்கிழமை சாயங்காலம் என்றார். நாளைக்குக் காலையில் அதையே மறுபடி போடுவார்களே, அதற்காவது மாட்டிக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டான்.

"அதுவும் வராது."

மதியழகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

ரஷீத் கையை விலக்கவில்லை. ரோஷினியே இப்போதுதான் போன் பண்ணினாள் என்றார். அந்தத் தொடர் ஹிந்தியில் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடும், ரஷீத் வீட்டில் ஹிந்தியில்தான் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தானே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அதுவரை கேட்காமல் இருந்தவள், கேபிள் போனதும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள், மெக்கானிக் வெளியே வந்தானா மாமா என்று.

"நீ இன்னா சொன்ன?"

"நடந்தே வந்துட்டான்மா, கேப்டன் கட்டிப்புடிச்சிக்கிட்டாருன்னு சொன்னேன். அப்ப நானும் பையில துணி எடுத்து வைக்கறேன்னு சொல்லிட்டு போனை வெச்சிட்டா."

மதியழகனின் பிடி விட்டுப்போயிற்று. கசங்கிய சட்டையை அவனே நீவிவிட்டான்.

"அத அவளே கண்ணால பாத்திருந்தா இன்னும் ஜாஸ்தி சந்தோஷப்பட்டிருப்பாளே பாய். எதுக்கு ஒயரைப் புடுங்கினீங்க?"

ரஷீத் தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் வெளிய வரல, மதி."

மதியழகன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

"முன்னாடியே உங்கிட்ட சொல்லியிருப்பேன். உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். வந்த கோவத்தோடயே வீட்டுக்குப் போ" என்றார் ரஷீத்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்தான். அன்றைக்கு அந்தத் தெருவில் ரஷீத் அஹமதுவை எல்லோரையும்விட அதிகமாக, ரோஷினி படுத்திருக்கிற ஜன்னலுக்குக் கேட்கும்படி திட்டித் தீர்த்தவன் மதியழகன்தான்.