தப்பான விடை

“ஜப்பானோட தலைநகரம் எது?”

“பெய்ஜிங்!”

“டோக்கியோ!”

அழைப்பு மணியை அழுத்தப்போன கட்டுரையாளர் அப்படியே நின்றார். கடைசியாகக் கேட்டது அவருடைய நண்பரின் குரல். முப்பத்தோரு வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்திய கணீர்க் குரல்.

நண்பருக்கு ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்று கேள்விப்பட்டு மூணு மாசம் ஆகிறது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு, இப்போதுதான் வர முடிந்தது. பரவாயில்லை, ஆள் தேறிவிட்டார் போலிருக்கிறது.

உள்ளே போனால், ஜன்னலோரம் நாற்காலியில் வாத்தியார். எதிரே கட்டிலில் அவருடைய மகள், கையில் தடியாக ஒரு பொது அறிவுப் புத்தகம். தரையில் அவளோடு கல்லூரியில் படிக்கும் மூணு பேர்.

“எப்படிப்பா இருக்கே? என் மேல கோபமா?”

வாத்தியார் இடது கையால் இவர் கையைப் பிடித்து அழுத்தினார். சிரித்தார். வாயைத் திறக்கவில்லை.

கோபம்தான். இருக்காதா பின்னே!

“உக்காருங்க மாமா. இன்னும் நாலைஞ்சு கேள்விதான்” என்றாள் மகள். “எந்தக் கடல்ல நீச்சல் தெரியாதவங்களும் மூழ்காம மிதக்கலாம்?”

“செங்கடல்!” என்றாள் சுருட்டை முடிக்காரி.

“சாக்கடல்!” என்றார் வாத்தியார்.

“உலகத்துலயே உயரமான சிகரம்?”

“ஆல்ப்ஸ்!” என்றான் கண்ணாடி போட்டவன்.

“எவரெஸ்ட்!” வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

கட்டுரையாளருக்குத் தலை கிறுகிறுத்தது. ஆல்ப்ஸ் ஒரு சிகரமா? இதுகள் எல்லாம் கல்லூரியில் என்னத்தைப் படிக்கின்றன? போனைத் தேய்க்கிற விரலுக்கு ஒரு புத்தகத்தைப் புரட்ட வலிக்குமா?

‘இன்றைய இளைஞர்களுக்கு என்னதான் தெரியும்?’ என்று ஞாயிற்றுக்கிழமை இதழுக்கு ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தார். விஷயம் கிடைக்காமல் இரண்டு நாளாகத் திண்டாட்டம். இப்போது விஷயம் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“பூமியை நடுவுல ரெண்டாப் பிரிக்கிற கற்பனைக் கோடு?”

“கடக ரேகை!”

“பூ... பூமத்திய ரேகை!” வாத்தியார் மூச்சு வாங்கினார்.

உடம்பு சரியில்லாத மனுஷனை இப்படியா பாடாய்ப் படுத்துவார்கள்? கட்டுரையாளருக்குப் பொறுக்கவில்லை.

“உலகத்துலயே பெரிய பாலைவனம் எது?”

மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பதிலைக் காணோம்.

“இதுகூடத் தெரியாதா?” கட்டுரையாளர் வெடித்துவிட்டார். “சகாரா!”

வாத்தியார் சட்டென்று இவர் பக்கம் திரும்பினார். நாற்காலியின் கையில் ஓங்கி ஒரு தட்டு.

“அண்டார்டிகா! சகாரா... சகாரா இல்லடா முட்டாள்! அண்டார்டிகா!”

கண்ணாடி போட்டவன் துள்ளி எழுந்தான். சுருட்டை முடிக்காரி கைதட்டினாள். மகள் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

கட்டுரையாளருக்கு முகம் செத்துவிட்டது. இந்த அரைவேக்காடுகள் முன்னால் முட்டாள் பட்டம் வேறு! “வர்றேன்ப்பா” என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

மகள் வாசல்வரை பின்னாலேயே ஓடிவந்தாள். அவளை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினார். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“ரொம்ப நன்றி மாமா! நாங்க சொல்லாமலே எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?”

“எதை?”

“நாங்க வேணும்னே தப்பாச் சொல்றோம்னு. பக்கவாதம் வந்ததிலேர்ந்து அப்பாவுக்குப் பேச்சு வரலை மாமா. என் பேரைக்கூடச் சொல்ல வரலை. வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு, வெளிய வர வழி தெரியாம நிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு நாள் ஆஸ்திரேலியாவோட தலைநகரம் சிட்னின்னு நான் உளறினேன். ‘கான்பெரா!’ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா அப்பா!”

கட்டுரையாளர் செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார்.

“சரியாச் சொன்னா சிரிச்சுட்டு சும்மா இருந்துடுவாரு. தப்பாச் சொன்னாத்தான் அவருக்குள்ள இருக்கிற வாத்தியாருக்குப் பொறுக்காது. அதான் தினம் சாயந்தரம் இவங்க மூணு பேரும் வர்றாங்க. ஆரம்பத்துல எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாம எதையாவது சொன்னா, சில நாள் குருட்டாம்போக்குல சரியாப் போயிடும். அன்னிக்கு அப்பா வாயே திறக்க மாட்டாரு. சரியானது தெரிஞ்சாத்தானே மாமா தப்பாச் சொல்ல முடியும்? அதனால மத்தியானமே லைப்ரரியில உக்காந்து படிச்சுட்டு வந்துடறோம்.”

“ஓகோ...”

“இன்னிக்குப் பாலைவனம் படிச்சோம். மழையே இல்லாத இடம்கிறதால பனி மூடிக் கிடந்தாலும் அண்டார்டிகா பாலைவனம்தான்னு போட்டிருந்துது. அதுக்கு என்ன தப்பு சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம். நீங்க எவ்வளவு பொருத்தமா ‘சகாரா’ன்னீங்க! இவ்வளவு நாள் ஒத்த வார்த்தை, ரெண்டு வார்த்தைக்கு மேல வந்ததில்ல மாமா. இன்னிக்குத்தான் முழுசா பேசியிருக்காரு. அதுவும் உங்களைத் திட்டி!”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் வாத்தியாருடையதும் இருந்தது.

கட்டுரையாளர் தணிந்த குரலில் கேட்டார்:

“நாளைக்கு என்ன பாடம்னு சொல்லும்மா. நானும் படிச்சுட்டு வரணும். சகாரான்னு நான் நிஜமாவே தெரியாமத்தான் சொன்னேன்.”