வெளியூர் அடைப்பு

புகுந்த ஊர் கால்பந்து மைதானத்தில் கணவன் பெர்க்மான்ஸுக்குப் பக்கத்தில்தான் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். எதிரே, சவுக்குக் கம்பு கட்டி அடைத்த வெயில் மூலையில் அவள் பிறந்த ஊர்க்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் வந்த பெனால்டியை எதிரணி கோலியான அவள் தம்பி டைட்டஸ் பாய்ந்து தடுத்தான். தன்னையறியாமல் எழுந்து கைதட்டிவிட்டாள். பின்னாலிருந்து பறந்து வந்த தண்ணீர் பாக்கெட் அவள் முதுகில் உடைந்தது.

"இவளையும் அந்தக் கூட்டுல கொண்டு அடைங்கல!" என்று ஒருவன் கத்தினான். வரிசையே சிரித்தது.

பெர்க்மான்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போயிரு. இங்க இருந்து என் மானத்த வாங்காத."

வசவுகளைக் கேட்டபடியே மைதானத்தைச் சுற்றி நடந்து அடைப்புக்குள் போனாள். ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கல் பறந்தது. போலீஸ் வெளியூர்க்காரர்களை மட்டும் அவசரமாக வேனில் ஏற்றியது. பெர்க்மான்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். "சார், அது என் பொண்டாட்டி. உள்ளூர்தான், இறக்கி விடுங்க."

போலீஸ்காரர் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா வேனுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நான் வெளியூர் சார்."