பண்ணை வீட்டு நண்டு

கூடைக்குள் நண்டுகள் உயிரோடு காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, "நண்டு இல்ல" என்று சொல்லிவிட்டாள் மீன்காரி செல்வராணி.

நண்டு வாங்கவென்றே சந்தைக்கு வந்த புவனேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போனது.

அவள் புருஷன் அருள்மணி குவைத்திலிருந்து முந்தாநாள்தான் லீவில் வந்திருந்தான். வந்து இறங்கியதிலிருந்து ஒரே பாட்டு: முகத்துவாரத்து நண்டைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வேண்டும். அங்கே கிடைப்பதெல்லாம் ஐஸ் பெட்டி நண்டாம். பஞ்சைச் சவைக்கிற மாதிரி இருக்குமாம்.

மீமிசல் பக்கம் முன்னெல்லாம் நண்டுக்குப் பஞ்சமே கிடையாது. கரையோரம் இறால் பண்ணை வந்து, குட்டைத் தண்ணியை அப்படியே ஆற்றில் திறந்துவிட ஆரம்பித்த பிறகுதான் வினை. மடவை மீன் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. அலையாத்திச் செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. இப்போது முகத்துவாரத்து நண்டு கொண்டுவருவது செல்வராணி ஒருத்திதான். அதுவும் வாராவாரம் ஒரே வீட்டுக்குத்தான் போகும். பண்ணை முதலாளி குழந்தைசாமி வீட்டுக்கு.

ரெண்டே ரெண்டு போதும், கேட்கிற விலையைத் தருகிறேன் என்று புவனேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள். செல்வராணி மசியவில்லை. ஊளி மீன் ஒன்றை எடுத்து நீட்டி, இது கடலுக்குள்ளே போய்ப் பிடித்தது, இதைக் கொண்டுபோய்க் குழம்பு வை என்றாள்.

"ஏங்க்கா, பணக்கார வாய்க்குத்தான் நண்டு ருசிக்குமா?"

செல்வராணி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தும் புவனேஸ்வரிக்கு ஆறவில்லை. புருஷன் முகத்தைப் பார்க்கப் பார்க்க ரோஷம் ஏறியது. விறுவிறுவென்று பண்ணை வீட்டுக்கே போய்விட்டாள்.

முதலாளியின் மனைவி பிரகதாம்பாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். முதலாளி வயிற்று டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டை போயிருக்கிறாராம். கொஞ்ச நாளாகவே வயிறு கடமுடா என்கிறதாம். எல்லாம் வெளியூர் ஓட்டல் சாப்பாடு செய்கிற வேலை என்றாள். தனக்கும் அவ்வப்போது புரட்டுகிறதென்றும், அது வயசுக் கோளாறு என்றும் அவளே விளக்கமும் சொன்னாள்.

செல்வராணியைப் பற்றி அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் யாருக்கும் கொடுக்காமல் தனக்கு மட்டும் கொண்டுவந்து தருகிறாளாம். விசுவாசம் என்றால் அதுதானாம். புவனேஸ்வரி விஷயத்தைச் சொன்னதும், தொட்டியிலிருந்து கொழுத்த நண்டாக இரண்டை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். காசும் வாங்கவில்லை.

மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் கொதித்தபோது தெருவே மணத்தது. அருள்மணி கையைக் கழுவிவிட்டு எப்போதோ தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

முதல் கவளம் வாய்க்குப் போகிற நேரம், செல்வராணி மூச்சிரைக்க உள்ளே நுழைந்து கூடையைக் கீழே போட்டாள். தட்டைப் பிடுங்கினாள். அடுப்படிக்குப் போய் முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டையும் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஆசையாக ஓடி வந்த பூனையையும் கல்லால் அடித்து விரட்டினாள்.

அருள்மணியின் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. செல்வராணி திரும்பி வந்து அந்தக் கவளத்தையும் தட்டிவிட்டாள்.

புவனேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்கதான் தரல. அந்த அம்மா மனசாரக் குடுத்ததைத் திங்கவும் விடமாட்டீங்களாக்கா?"

செல்வராணி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பாக்கிக் காசு வாங்கப் பண்ணை வீட்டுக்குப் போனபோதுதான் பிரகதாம்பாள் தானம் கொடுத்த கதையைச் சொன்னாளாம். அங்கிருந்து ஓட்டமாக ஓடி வந்திருக்கிறாள்.

"சந்தையில நாலு பேரு முன்னாடி எப்படிச் சொல்றது புவனா? அது பண்ணைக் கழிவுத் தண்ணி விழுற குழா வாயில புடிச்ச நண்டு. அங்க வர்ற மருந்தையும் அழுகுன தீவனத்தையும் தின்னு கொழுத்தது. எங்க வீட்டுச் சட்டியில அதை ஏத்தவே மாட்டேன்."

அருள்மணி தன் விரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேட்டியில் அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் எதுக்கு அவுக வீட்டுக்கு மட்டும் தேடிக் கொண்டுபோய்க் குடுக்குறீங்க?"

செல்வராணி காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணியை நிறுத்தச் சொல்லி வருசக்கணக்கா மனு குடுக்குறோம் தம்பி. ஒண்ணுகூட அந்த வீட்டு வாசப்படி ஏறல. நண்டுதான் ஏறுது."